மாதாவுக்கு உடுப்பு மாற்றும் வேளை

பஞ்சைப் பன்னீரில் நனைத்தாயிற்று, பிழிந்தாயிற்று, மடியில் இருக்கிற மாதாவின் முகத்தைத் துடைக்கத்தான் தெக்லாவுக்குக் கை வரவில்லை. எப்படி வரும்? போன வருஷம் இதே பெரிய புதன்கிழமை, இதே நாலு மணி வெக்கையில், பீடத்துக்கு இடது பக்கம் கட்டின இதே வெள்ளைத் திரைக்குள்ளே, இதே முக்காலியில் உட்கார்ந்து துடைத்த கைதான். அப்போது வாய் எதையோ முனகிக்கொண்டிருக்க, கை அது பாட்டுக்குத் துடைத்தது. எதிரே சலேத் மைனி முட்டுக்குத்தி உட்கார்ந்து கறுப்பு வெல்வெட்டு உடுப்பை உதறினாள், மடிப்பை நீவினாள், மறுபடி உதறினாள். ஒரு வருஷமாக இந்தத் திரைப்பக்கமே வராதவள். கோவில் உபதேசியார் வேதமுத்து மூன்று தடவை வீட்டுக்குப் போய், "உங்க குடும்பத்து உரிமைம்மா, நீங்க வராம எப்படி?" என்று மன்றாடிக் கூட்டிவந்திருக்கிறார். வந்தவள், "உடுப்பை நான் பாத்துக்கிடுதேன், முகத்தை நீ பாருட்டி" என்று சொன்னதோடு சரி. அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், அதுதான் விஷயம். மாதாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை உண்டாக்கினவள் இங்கே முக்காலியில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சே, கோவிலுக்குள்ளே என்ன நினைப்பு இது! மைனி, ஏதாவது பேசித் தொலையேன், திட்டவாவது செய்யேன் என்று தெக்லாவுக்கு உள்ளுக்குள்ளே கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் சலேத் மைனி எதற்குத் திட்டுவாள்? அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. தெரியாமல் பார்த்துக்கொண்டதே தெக்லாதானே. சிலுவைத்துறையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், எங்கள் வியாகுல மாதா ஒரே மரத்தில் கடைந்த மாதா, கப்பலில் வந்த மாதா என்றுதான் சொல்வார்கள். உடுப்பு மாற்றுகிற இரண்டு பொம்பளைகளுக்கு மட்டும்தான் தெரியும், மாதாவுக்குத் தலையும் இரண்டு கையும்தான் சுரூபம், உடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை, கோழிக்கூடு மாதிரி நாலு பட்டியல் சட்டம்தான் என்று. வெல்வெட்டு உடுப்பின் கழுத்து சின்னது, அதனால் தலையைக் கழற்றினால்தான் உடுத்த முடியும். உடுத்தி முடித்ததும் தலையைக் குழியில் இறக்கி, பின்கழுத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புளியமர முளையை அடித்து இறுக்கி, முக்காட்டைப் போட்டு மூடிவிட வேண்டும். திரைக்குள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் இந்த வேலைக்கு வருவார்கள். பதினாலு வருஷமாக உடுப்பு சலேத் மைனி பொறுப்பு, தலையும் முளையும் தெக்லா பொறுப்பு. பதிமூன்று வருஷம் ஒரு பிசகும் வந்ததில்லை.

துடை தெக்லா, துடை. நெற்றியில் ஆரம்பி. நெற்றியில் சாயம் நன்றாகத்தான் இருக்கிறது, உரித்த பனங்கிழங்கு நிறம், இத்தனை வருஷ மெழுகுத்திரிப் புகைக்கும் அது கறுக்கவில்லை. காது ஓரத்தில்தான் உதிர்ந்துகொண்டே வருகிறது. மேலே ஒரு ரோஸ் சாயம், ஏதோ ஒரு சாமியார் காலத்தில் போர்டு எழுதுகிறவனை விட்டு அடிக்கவைத்தது, அதுக்குக் கீழே பழைய சாயம், அதுக்கும் கீழே சுண்ணாம்பு, அப்புறம் வெறும் மரம். கன்னத்தில் மூன்று கண்ணாடிச் சொட்டு. இடது கண் ஒரு நெல்லளவு தாழ்ந்திருக்கும், அதனால் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். மடியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். தெக்லா சட்டென்று பார்வையை எடுத்து அந்தப் பக்கம் பார்த்தாள். தவசுகாலத்துக்கு எல்லாச் சுரூபத்தையும் ஊதாத்துணி போட்டு மூடியிருந்தது. அம்பு தைத்த செபஸ்தியார் மூடியிருக்கிறார், குதிரையோடு சந்தியாகப்பர் மூடியிருக்கிறார், சம்மனசு மிக்கேலையும் மூடியிருக்கிறது, ஆனால் இந்த வருஷம் துணி பற்றவில்லை போலிருக்கிறது, அவர் காலடியில் மிதிபடுகிற பிசாசு மட்டும் மூடாமல் கிடக்கிறது. பச்சை மூஞ்சி, சிவப்பு நாக்கு, போன திருவிழாவுக்குத்தான் புதுசாய் வர்ணம் அடித்தது. திரையின் ஓரத்து இடைவெளி வழியே அது நேரே தெக்லாவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நீயும் தெரிந்துதான் சிரிக்கிறியா? சிரி, சிரி. இத்தனை புனிதர்களும் முகத்தை மூடிக்கொண்டு நிற்க, எனக்குத் துணைக்கு நீதான் கிடைத்தாய். போன வருஷம் அவள் என்ன வேண்டுமென்றா செய்தாள்? இல்லை, சத்தியமாக இல்லை. முளை கீழே விழுந்து உருண்டுவிடும் என்று முந்தானையில் முடிந்துவைத்தாள். தலையை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து வெளியே உபதேசியார் "ஆச்சாம்மா? சாமியார் கேக்காரு" என்று அவசரப்படுத்தினார், "இந்தா ஆச்சு" என்று முக்காட்டை இழுத்துவிட்டாள், அவ்வளவுதான். தலை குழியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. வியாழன் அசையவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சப்பரம் முதல் தெரு, இரண்டாம் தெரு வந்தது, அசையவில்லை. மூன்றாம் தெருவில் சலேத் மைனி வீட்டு வாசலில் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, உப்பும் மிளகும் மெழுகுத்திரியும் வைத்திருந்தது. மைனி மகள் பிரிஜி தாய்க்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்றாள், ஈஸ்டர் கழிந்ததும் கலியாணம், அதுக்கான வெட்கமும் முகத்தில் இருந்தது. குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று வாசலை ஒட்டி. சப்பரத்தை இறக்கும்போது முன்பக்கத்து ஆள் ஒருத்தன் அந்தப் பள்ளத்தில் கால் வைத்துவிட்டான். சப்பரம் ஒரு குலுக்கு குலுக்கியது. மாதா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த முகம், சலேத் மைனியைப் பார்த்துக்கொண்டிருந்த முகம், பிரிஜியை விட்டு, வாசலை விட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது. பாட்டு நின்றது. கொட்டு நின்றது. கூட்டத்தில் யாரோ "ஐயோ தாயே!" என்று அலறினார்கள். தெக்லாவின் கை தன்னாலே முந்தானைக்குப் போனது. முடிச்சுக்குள்ளே முளை இருந்தது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். மைனி காதோடு காதாகச் சொல்லியிருந்தால் போதும், மைனிக்கும் எல்லாம் தெரிந்ததுதானே, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்பார்கள். ஆனால் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளே பின்வாங்கிவிட்டாள். மாதாவைத் தொட்டு நேராக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை, திரும்பின முகத்தோடேயே சப்பரம் எட்டுத் தெருவும் சுற்றியது. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்தாள் தெக்லா. திரைக்குள் நுழைந்து, தலையை நேராக்கி, அந்த முளையைக் குழவிக்கல்லால் நாலு அடி அடித்து இறக்கினாள். அடித்து முடித்துக் கையைத் துடைக்கும்போது சலேத் மைனி வந்து நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். "தெக்லா, முளை அடிச்சியாட்டி?" என்று கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என்று அந்தக் கண் ஏங்கினது தெக்லாவுக்கு இன்றைக்கும் தெரிகிறது, சோறு வடிக்கும்போது தெரிகிறது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது. "அடிச்சேனே மைனி, இறுகித்தான் இருந்துச்சு. இப்ப உருவித்தான் தலையை நேராக்கிட்டு மறுபடி அடிச்சேன், நீயே பாரு" என்றாள். சலேத் மைனி முக்காட்டைத் தூக்கிப் பார்த்தாள். முளை இருந்தது. முளை அடித்த கழுத்து திரும்பாது, அது அவளுக்குத் தெரியும். அப்படியும் திரும்பியிருக்கிறது என்றால் அது மாதா திரும்பினதுதான். ஊரில் மற்றவர்களுக்காவது மரம் காய்ந்து கழுத்தில் விரிசல் விட்டிருக்கும், குலுக்கலில் திரும்பியிருக்கும் என்று சாக்குச் சொல்ல ஒரு வழி இருந்தது. சந்தேகப்பட ஊரிலேயே அதிக உரிமை உள்ளவளை அதிகமாக நம்பவைத்தாளே தெக்லா! வெளியே ஒருத்தரிடமும் கேட்கவும் முடியாது, சத்தியம் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. மைனி வீட்டுக்குப் போனாள். "என்னட்டி செஞ்ச, சொல்லு, மாதா மூஞ்சியத் திருப்புத அளவுக்கு என்ன செஞ்ச?" என்று பிரிஜியைக் கேட்டாள். ஒன்றும் செய்யாத பிள்ளை என்னத்தைச் சொல்லும்? அடி விழுந்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டதாம். டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, ஒருநாள் முதலாளி மகன் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்ததை யாரோ பார்த்திருந்தார்கள். போதாதா? பத்து நாளில் மாப்பிள்ளை ஜெரோமின் அப்பா சில்வேர் அண்ணன் வந்து, "மாதாவுக்கு ஆவாத இடத்துல நாங்க எப்படிம்மா சம்பந்தம் வைக்க?" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரிஜி திருப்பூருக்கு வேலைக்குப் போனவள்தான். கிறிஸ்மசுக்கும் வரவில்லை, பெரிய வாரத்துக்கும் வரவில்லை.

அப்போதும்கூட இது பயம்தான், பயத்தில் சொன்ன பொய்தான் என்று தெக்லா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம், மைனி கோபம் ஆறட்டும், பிள்ளை திரும்பி வரட்டும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள், "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவை" என்றாள், மீன் கெட்டுப்போகலை என்று சொல்லி விற்றதையும், நகைச்சீட்டு விஷயத்தில் வீட்டுக்காரர் தஸ்நேவிஸிடம் மழுப்பினதையும், இதையும் ஒரே கூடையில் போட்டு மூடிக்கொடுத்தாள். பாவம், அந்தச் சாமியார் ஊருக்குப் புதுசு, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். முழங்காலில் நின்று மூன்றையும் சொன்னாள், வெட்கமில்லாமல் சொன்னாள், அதுவும் யாரைப் பார்த்து? இந்த முகத்தைப் பார்த்து. அப்புறம் செப்டம்பர் மாதம் வந்தது. மாதா பிறந்தநாள் கழிந்த மறுவாரம் சில்வேர் அண்ணன் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள். யாரை? மெல்வினாவை. தெக்லா பெற்ற ஒரே பொண்ணை. ஜெரோம் தங்கமான பையன், கப்பலில் வேலை, குடி கிடையாது. மெல்வினா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துச் சிவந்துபோனாள். இவங்களுக்கு நான் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பேன் என்று மனசு கேட்டது, உண்மைதான், ஆனால் வாய் என்ன சொன்னது? "மாதா சித்தம்" என்றது. ஐயோ, அதைப்போயா சொல்ல வேண்டும்! வேறு வார்த்தையே அகப்படவில்லையா? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், சீனி போதுமா அண்ணே என்று கேட்டாள். அன்றைக்கிலிருந்து பயம் போய்விட்டது, அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு கோவிலில் முதல் ஓலை வாசிப்பார்கள். ஜெரோமுக்கும் மெல்வினாவுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவள் முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருப்பாள். இப்போது சொன்னால் மெல்வினாவின் கலியாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் பிரிஜியின் வாழ்க்கை போனது போனதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பொண்ணு நிற்கிறாள், இரண்டும் அவள் தூக்கி வளர்த்தது, பிரிஜிக்கு முதல் மொட்டை போடும்போது மடியில் வைத்துக்கொண்டதும் தெக்லாதான்.

"தெக்லா."

பஞ்சு கையிலிருந்து விழுந்தது. "என்ன மைனி?"

சலேத் மைனி திரும்பவில்லை. கையில் வெல்வெட்டு உடுப்பின் ஓரம், ஏதோ நூல் பிரிந்திருக்கிற மாதிரி அதையே தடவிக்கொண்டிருந்தாள். "முகம் எப்படிட்டி இருக்கு?"

"எப்படின்னா?"

"இன்னும் கோவமா இருக்காளா?"

தெக்லா குனிந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. புருவம் நடுவில் லேசாக உயர்ந்து வளைந்த மாதிரி வரைந்திருக்கிறது, வாய் பாதி திறந்து மேல்பல் இரண்டு தெரிகிறது, கடைந்தவன் பல்லுக்கு வெள்ளைச் சாயம் வைக்காமல் மஞ்சளாக விட்டிருக்கிறான், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி இருப்பாளோ அப்படி இருக்கிறது. கோபமா? இதில் கோபம் எங்கே இருக்கிறது? பதினாலு வருஷம் துடைத்தவளுக்குத் தெரியாதா, இந்த முகத்தில் எல்லாம் இருக்கிறது, கோபம் மட்டும் ஒரு பொட்டு கிடையாது. ஒரு வருஷமாக மைனி இல்லாத கோபத்தைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இதைத்தான் நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், பூசைக்கு வந்தால் கடைசித் தூண் மறைவில் நின்றுவிட்டுப் போனதும் இதற்குத்தான். இல்லை மைனி, சாந்தமா இருக்கா என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. அப்படிச் சொன்னால் மைனி கொஞ்சம் ஆறுவாள், உடுப்பைப் போடுவார்கள், முளையை அடிப்பார்கள், ஓலை வாசிப்பார்கள், மெல்வினா கழுத்தில் தாலி ஏறும். அந்த ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லத்தான் தெக்லா வாயைத் திறந்தாள்.

"மைனி, போன வருஷம் நான் முளை அடிக்கல."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. உடுப்பைத் தடவிக்கொண்டிருந்த மைனியின் கை நின்றது.

"என்ன சொன்ன?"

"அடிக்கல மைனி. முந்தியில முடிஞ்சு வச்சு மறந்துபோனேன். சனிக்கிழமை காலைல நீ வாறதுக்கு முந்தி ஓடியாந்து அடிச்சேன்."

"நான் கேட்டேனேட்டி."

"கேட்ட."

"உருவித்தான் நேராக்குனேன்னியே. என்னையத் தூக்கிப் பாக்கச் சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன் மைனி." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "மொதல்ல பயம்தான். பொறவு சில்வேர் அண்ணன் வீட்டுல இருந்து கேட்டு வந்தாவல்லா. பொறவு ஆசை."

அடிப்பாள் என்று தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள். அடிக்கட்டும், நல்லா நாலு போடட்டும், அடித்தால் தேவலை என்றுதான் இருந்தது. மடி லேசானது. கண்ணைத் திறந்தால் சலேத் மைனி தலையை எடுத்துத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறாள். "தாயே, அப்ப நீ எங்களப் பாத்து மூஞ்சியத் திருப்பலியா? திருப்பலியா நீ?" என்று கேட்டாள், அழுகையும் சிரிப்புமாக, கண்ணாடிச் சொட்டு வைத்த கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். பன்னீர் ஈரம் அவள் முகமெல்லாம் ஆனது. தெக்லாவைத் திட்டவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. இதை எதிர்பார்க்கவில்லை தெக்லா. இந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத் தெக்லாவால் முடியவில்லை, கெட்ட வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எவ்வளவு லேசான காரியம், ஒரே ஒரு வாக்கியம், இதைத்தானே ஒரு வருஷமாக இந்த மனுஷிக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன், பாவி, பாவி. அப்புறம் சலேத் மைனியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தலையை வெள்ளைத்துணி மேலே மெதுவாக வைத்தாள். "எம் மவள நான் செருப்பால அடிச்சேனேட்டி" என்றாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். "உடுப்பையும் நீயே உடுத்திரு. நான் பிள்ளைக்குப் போன் போடணும்." திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வெளியே நடுக்கோவிலில் சப்பரம் தூக்குகிற ஆறு பேரும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்துக்குத் தோள் கொடுக்கிறவர் சில்வேர் அண்ணன். தெக்லா திரைக்குள்ளே உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சலேத் மைனிக்கு இடது காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அந்த உயரமான கூரைக்குக் கீழே கிசுகிசுத்தாலே கணீரென்று கேட்கும், இவளோ கத்திப் பேசுகிறாள். "ஏட்டி பிரிஜி, அம்மாட்டி. மாதா நம்மள ஒண்ணும் சொல்லலட்டி. அது தனித்தலைட்டி, கழட்டி மாட்டுத தலை, முளை அடிக்க மறந்துட்டாவளாம், பள்ளத்துல எறக்கும்போது தன்னால திரும்பியிருக்கு. மாதா திருப்பலட்டி!" கயிறு கட்டுகிற சத்தம் நின்றுபோனது. இத்தனை தலைமுறை வேதப்புத்தகத்தில் கைவைத்துக் காப்பாற்றின சங்கதி அது, ஒரு மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். மறந்துட்டாவளாம் என்றாளே தவிர யார் என்று சொல்லவில்லை. சொல்லு மைனி, என் பேரைச் சொல்லு என்று தெக்லா மனசுக்குள்ளே மன்றாடினாள், சொல்லிராதே மைனி என்றும் அதே மூச்சில் மன்றாடினாள். போனில் கொஞ்சநேரம் தையல் மிஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் பிரிஜியின் குரல், சத்தமே போடாமல், நிதானமாக: "மரத்தலை திரும்புச்சுன்னு என்னைய அடிச்ச. இப்ப அது தன்னால திரும்புனதுன்னு தெரிஞ்சதும் போன் போடுத. நான் அன்னைக்கு ராத்திரி பூரா சொன்னேனேம்மா, நான் ஒண்ணும் செய்யலன்னு. அந்தத் தலையத்தான் நம்புன. என்னைய எப்பம்மா நம்புவ?" சலேத் மைனி "பிள்ள" என்றாள். "பிள்ள, பிள்ள" என்றாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டது.

திரை விலகி மைனி உள்ளே வந்தாள். போனையே பார்த்துக்கொண்டு வந்தவள் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.  சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தானே தெக்லா ஒரு வருஷம் புழுங்கிச் செத்தாள். சொன்னாள், ஆனால் அவளுடையது ஒரு பொட்டும் இறங்கவில்லை, மைனி தலையில் புதுசாக ஒன்றை ஏற்றி வைத்ததுதான் மிச்சம். இதுவரைக்கும் இந்த மனுஷி மாதாவுக்குப் பயந்தாள், இனிமேல் தான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் குற்றவாளியாக நிற்பாள். இதற்கு நான் என்ன செய்வேன்? செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை நினைத்ததும் மெல்வினா கண்ணுக்கு முன்னால் வந்தாள். இந்நேரம் தையல் கடையில் கலியாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருப்பாள், கை இவ்வளவு இறுக்கம் வேண்டாம்க்கா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. பிரிஜியும்தான் ஒன்றும் செய்யவில்லை.

"ஊருக்கு நான் சொல்லுதேன் மைனி. இப்பமே சொல்லுதேன், சம்பந்தியே வெளிய நிக்காரு."

சலேத் மைனி நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லு. சொல்லித்தான் ஆவணும்" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "எம் மவ கேட்டதுக்கு நாந்தான் போயி பதில் சொல்லணும்ட்டி. ராத்திரி திருப்பூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஏழரைக்கு."

தெக்லா எழுந்து திரையின் கயிற்றைப் பிடித்தாள்.  "இரு" என்று சலேத் மைனி சொன்னாள். வெறும் சட்டமாக நின்ற மாதாவைச் சுற்றி அந்த வெல்வெட்டு உடுப்பை எடுத்துப் போர்த்தினாள், தோள்பட்டைக்கு மேலே முக்காட்டையும் போட்டு மூடினாள், ஊருக்கு முன்னால் அவளை அப்படி நிறுத்த மனசு வரவில்லை. தலை மட்டும் துணிமேல் இருந்தது. அப்புறம்தான் "ம்" என்றாள். தெக்லா கயிற்றை இழுத்தாள். திரை முழுசாக விலகிப் போய் மூலையில் சுருண்டது. உடுப்பு மாற்றுகிற நேரத்தில் திரை அசைந்தால் ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும், அது தாத்தன் காலத்திலிருந்து முறை. ஆறு பேரும், உபதேசியாரும், அப்படியே சுவரைப் பார்த்து நின்றார்கள். எல்லாம் காதில் விழுந்த முதுகுகள்தான், ஒன்றும் அசையவில்லை.

"திரும்புங்க அண்ணே" என்றாள் தெக்லா. ஒருத்தரும் திரும்பவில்லை, மறுபடி சொன்னாள். "எல்லாரும் திரும்பிப் பாருங்க. முளை அடிக்காதது நாந்தான். அடிச்சேன்னு மைனிகிட்டப் பொய் சொன்னதும் நாந்தான்."

முதலில் திரும்பியது சில்வேர் அண்ணன்.